புது லேப்டாப்பில் பழைய விண்டோஸ்... திரும்பிப் போகும் கதவு ஏன் மூடுது?

“அண்ணே, இதுல லெவனைத் தூக்கிட்டு டென் போட்டுத் தர முடியுமா?”

லேப்டாப் சர்வீஸ் கடைகளுக்குப் பழகிப்போன கேள்வி இது. பெட்டியைப் பிரித்து நாலு நாள்கூட ஆகியிருக்காது. மூடியில் ஒட்டிய பிளாஸ்டிக் கவரைக்கூட உரிக்காமல் கொண்டுவந்து, ‘பழசையே போட்டுக் கொடுங்க’ என்று நிற்பவர்கள் உண்டு. அரை லட்சம் கொடுத்து புதுசா ஒரு மெஷினை வாங்கிட்டு, 2015-ல் வந்த ஓ.எஸ்ஸை எதுக்குத் தேடிப் போகணும்?

கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால், அதற்குள் ஒரு சீரியஸான கேள்வி இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய மெஷினில் எந்த ஓ.எஸ் ஓடணும், எத்தனை வருஷம் ஓடணும்னு முடிவு பண்றது யாரு? வாங்கினவரா, விற்ற கம்பெனியா? 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதன்பிறகு இந்தக் கேள்வி இன்னும் சூடாகியிருக்கிறது.

திரும்பிப் போக முடியுமா, போகலாமா, போகாமலே சமாளிக்க வழி இருக்கா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஏன் திரும்பிப் போகத் தோணுது?

முதல் காரணம், பழக்கம். விண்டோஸ் 11 வந்தபோது ஸ்டார்ட் பட்டன் நடுவுக்கு நகர்ந்தது. டாஸ்க்பாரை மேலேயோ பக்கவாட்டிலோ வைத்துக்கொள்ளும் வசதி போனது. ரைட் க்ளிக் செய்தால் பாதி ஆப்ஷன்கள் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்ற இன்னொரு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. ஒரு நாளைக்கு நூறு முறை செய்யும் வேலைக்கு ஒரு க்ளிக் கூடினால்கூட எரிச்சல் வரத்தான் செய்யும்.

இரண்டாவது, ‘இது என் கம்ப்யூட்டரா, அவங்க கம்ப்யூட்டரா?’ என்ற சந்தேகம். லேப்டாப்பை முதல்முறை ஆன் பண்ணும்போதே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் கேட்கிறது. ஸ்டார்ட் மெனுவில் நாம் கேட்காத ஆப்கள் பரிந்துரையாக வருகின்றன. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட ‘ரீகால்’ வசதி, நாம் ஸ்கிரீனில் பார்ப்பதையெல்லாம் அவ்வப்போது படம்பிடித்து வைக்கும் என்றதும் பிரைவஸி நிபுணர்கள் கொதித்தார்கள். வெளியீட்டைத் தள்ளிப்போட்ட மைக்ரோசாஃப்ட், நாமாக ஆன் பண்ணினால் மட்டும் வேலை செய்யும்படி மாற்றி 2025 ஏப்ரலில் கொண்டுவந்தது. அதுவும் கோபைலட் பிளஸ் வகை லேப்டாப்களில் மட்டும்தான்.

அதே 2025 நவம்பரில், விண்டோஸ் பிரிவின் தலைவர் பவன் டவுலூரி (சென்னை ஐ.ஐ.டி-யில் படித்தவர்தான்), விண்டோஸ் ஒரு ‘ஏஜென்டிக் ஓ.எஸ்’ ஆக மாறிவருவதாக எக்ஸ் தளத்தில் பதிவிட்டார். அதாவது, ஏ.ஐ நமக்காகத் தானே வேலைகளைச் செய்யும் ஓ.எஸ். கைதட்டல் வரும்னு நினைத்திருப்பார்போல. வந்தது திட்டு. ‘யாரும் இதைக் கேட்கலையே’ என்கிற தொனியில் பதில்கள் குவிய, கடைசியில் ரிப்ளை ஆப்ஷனையே மூட வேண்டியதாயிற்று.

மூன்றாவது காரணம்தான் நியாயமானது, வெளியே அதிகம் பேசப்படாதது. பழைய சாஃப்ட்வேர். டி.டி.பி சென்டர்களில் பேஜ்மேக்கரையும் பாமினி மாதிரியான பழைய தமிழ் ஃபான்ட்டுகளையும் நம்பி வேலை ஓடுகிறது. சின்னக் கடைகளில் ஃபாக்ஸ்ப்ரோ காலத்து பில்லிங் புரோகிராம் இருக்கும். எழுதிக் கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. இதில் ஒரு டெக்னிக்கல் சிக்கல் இருக்கிறது. 16-பிட் காலத்துப் புரோகிராம்கள் 32-பிட் விண்டோஸில்தான் நேரடியாக ஓடும். விண்டோஸ் 10-ல் 32-பிட் பதிப்பு உண்டு. விண்டோஸ் 11 வெறும் 64-பிட் மட்டும். பல வருஷக் கணக்கு வழக்கு அந்தப் பழைய புரோகிராமில் இருக்கும்போது, ‘அப்டேட் ஆகுங்க பாஸ்’ என்று சொல்வது அவருக்குத் தீர்வே இல்லை.

நான்காவது, நம்பிக்கை. விண்டோஸ் 10-ன் சப்போர்ட் முடிந்த அதே அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 11-க்கு ஓர் அப்டேட் வந்தது. அதைப் போட்டவர்களுக்கு ரெக்கவரி ஸ்கிரீனுக்குள் யு.எஸ்.பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. கம்ப்யூட்டரில் கோளாறு வந்தால் சரிசெய்வதற்கென்றே இருக்கும் இடம் அது. ஒரு வாரத்துக்குள் அவசர அப்டேட் விட்டுச் சரிசெய்தார்கள் என்றாலும், ‘10-ஐ விட்டுட்டு வாங்க’ என்று கூப்பிட்ட நாளிலேயே இப்படி ஆனால் எப்படி நம்புவது?

இதெல்லாம் சேர்ந்துதான், 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11, பயன்பாட்டில் 10-ஐ முந்துவதற்குக் கிட்டத்தட்ட நான்கு வருஷம் எடுத்துக்கொண்டது. ஸ்டேட்கவுன்ட்டர் கணக்குப்படி அது நடந்தது 2025 ஜூலையில்.

அன்று கேட்டால் கிடைத்தது

‘புதுசு வேணாம், பழசைக் கொடு’ என்று மக்கள் சொல்வது இது முதல்முறை இல்லை.

2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தது. பார்க்க அழகு, ஓட்டினால் திணறல். ‘நிஜமாவே பண்ணணுமா?’ என்று ஒவ்வொரு செயலுக்கும் அனுமதி கேட்டுப் படுத்தியது. எக்ஸ்.பி-யே வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், அடுத்த சில மாதங்களிலேயே, அதாவது ஏப்ரலில், டெல் நிறுவனம் வீட்டு உபயோக மாடல்களிலும் எக்ஸ்.பி-யைத் திரும்பவும் ஓர் ஆப்ஷனாகக் கொண்டுவந்தது. 2008-ல் எக்ஸ்.பி விற்பனையை நிறுத்தப்போகிறார்கள் என்றதும், இன்ஃபோவேர்ல்டு இதழ் தொடங்கிய ‘எக்ஸ்.பி-யைக் காப்பாற்றுங்கள்’ மனுவில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் எக்ஸ்.பி-க்கு சப்போர்ட் முடிந்தது 2014 ஏப்ரலில். விஸ்டா வந்து ஏழு வருஷம் கழித்து!

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோதும் அதே கதை. ஸ்டார்ட் பட்டனையே தூக்கிவிட்டு, டச் ஸ்கிரீனுக்கான பெரிய பெரிய கட்டங்களைக் கொண்டுவந்தார்கள். டச் இல்லாத சாதாரண கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள், அதை ஷட் டவுன் பண்ணவே வழி தேடினார்கள். அடுத்த வருஷம் 8.1-ல் ஸ்டார்ட் பட்டன் திரும்பி வந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. 2014 ஜனவரியில் ஹெச்.பி நிறுவனம், ‘மக்கள் கேட்டுக்கொண்டதால்’ என்று விளம்பரமே போட்டு விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களை முன்னிறுத்தியது.

அந்தக் காலத்தில் திரும்பிப் போவது எளிது. சி.டி-யைப் போட்டு ஃபார்மேட் பண்ணி, கம்பெனி தளத்திலிருந்து டிரைவர்களை இறக்கிக்கொண்டால் முடிந்தது. போதுமான பேர் முரண்டு பிடித்தால், விற்பவர்கள் இறங்கி வந்தார்கள்.

கதவு மூடத் தொடங்கிய வருஷம்

மாற்றம் தொடங்கியது 2016-ல். அந்த ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு கொள்கையை அறிவித்தது. இனி வரும் புதிய தலைமுறை பிராசஸர்களுக்கு, அந்தச் சமயத்தில் இருக்கும் லேட்டஸ்ட் விண்டோஸ்தான் வேண்டும். பழைய விண்டோஸுக்கு அந்தச் சிப்களில் சப்போர்ட் கிடையாது. 2017-ல் அது நடைமுறைக்கும் வந்தது. இன்டெல் 7-ம் தலைமுறை, ஏ.எம்.டி ரைசன் சிப்கள் இருந்த கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 7 போட்டவர்களுக்கு, ‘இந்த ஹார்டுவேருக்கு சப்போர்ட் இல்லை’ என்று மெசேஜ் வந்து, அப்டேட்கள் நின்றன. விண்டோஸ் 7-க்கு அப்போது இன்னும் மூன்று வருஷ ஆயுள் பாக்கி இருந்தது.

மறுபக்கம், பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களைப் புது விண்டோஸுக்குத் தள்ளும் வேலையும் நடந்தது. விண்டோஸ் 10-ஐ இலவசமாகக் கொடுத்தபோது, ‘இப்போது அப்டேட் பண்ணலாமா?’ என்ற விண்டோ திரும்பத் திரும்ப வந்து நின்றது ஞாபகம் இருக்கலாம். தன் அனுமதி இல்லாமலே அலுவலகக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 10-க்கு மாற முயன்று, உருப்படாமல் போனதாக கலிஃபோர்னியாவில் ஒரு பெண் வழக்குப் போட்டார். மைக்ரோசாஃப்ட் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால், 2016-ல் மேல்முறையீட்டைக் கைவிட்டு 10,000 டாலர் கொடுத்தது.

இந்த விஷயத்தில் மைக்ரோசாஃப்ட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் முடியாது. ஒரு மேக் வாங்கினால், அது வரும்போது இருந்த மேக் ஓ.எஸ்ஸை விடப் பழையதை அதில் போடவே முடியாது. ஐபோனில் புது ஐ.ஓ.எஸ் வந்த கொஞ்ச நாளிலேயே, பழைய பதிப்புக்கு ஆப்பிள் கொடுக்கும் டிஜிட்டல் கையெழுத்தை நிறுத்திவிடும். அந்தக் கையெழுத்து இல்லாமல் பழையது இன்ஸ்டால் ஆகாது. ஆண்ட்ராய்டிலும் ‘ஆன்டி ரோல்பேக்’ என்று ஒன்று உண்டு. 2022-ல் பிக்சல் 6 வரிசை போன்களுக்கு ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, அதைப் போட்டால் மறுபடி 12-க்குப் போக முடியாது என்று கூகுள் முன்கூட்டியே சொல்லித்தான் விட்டது.

போனில் நமக்கு இது பழகிவிட்டது. ‘அப்டேட் போட்டதுல இருந்து பேட்டரி நிக்கல’ என்று புலம்புவோமே தவிர, பழசுக்குப் போகலாம் என்ற யோசனையே வராது. கம்ப்யூட்டர் அப்படி இருந்ததில்லை. அதுவும் போன் மாதிரி ஆகிக்கொண்டிருப்பதுதான் இப்போது நடக்கும் மாற்றம்.

இப்போது முயன்றால் என்ன நடக்கும்?

‘செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி போனால் கோ பேக் பட்டன் இருக்குமே?’ என்று கேட்கலாம். இருக்கும். ஆனால், அது யாருக்கு என்று கவனிக்கணும். விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு அப்கிரேடு செய்தவர்களுக்கு மட்டும், அதுவும் 10 நாள் வரைதான். அந்த நாள்களில் பழைய ஓ.எஸ் ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ என்ற ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். அதன்பிறகு இடத்தைக் காலி செய்ய அழித்துவிடும். விண்டோஸ் 11-ஓடவே பிறந்த புது லேப்டாப்புக்குத் திரும்பிப் போக அப்படி ஒரு பழசே கிடையாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போடுவது மட்டும்தான் வழி.

அங்கேதான் தடைகள் வரிசையாக வரும்.

முதலில் ஹார்டு டிஸ்க்கே தெரியாமல் போகலாம். இன்டெல் 11-ம் தலைமுறைக்குப் பிறகு வந்த பல லேப்டாப்களில், எஸ்.எஸ்.டி-யை ‘வி.எம்.டி’ என்ற அமைப்பின் வழியாக இணைக்கிறார்கள். விண்டோஸ் 10 இன்ஸ்டாலருக்கு அந்த டிரைவரைத் தனியாகக் கொடுக்கவில்லை என்றால், உள்ளே டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். ‘எஸ்.எஸ்.டி போயிடுச்சு’ என்று பயந்துவிடுவார்கள். போகவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது என்க்ரிப்ஷன். இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்ததுமே டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும். பயாஸில் ஏதாவது மாற்றினால், 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அந்த கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும். கடைக்காரர் செட்டப் செய்துகொடுத்து, எந்த மெயில் ஐடி போட்டார் என்றே தெரியாவிட்டால், உள்ளே இருக்கும் போட்டோக்கள் அவ்வளவுதான்.

மூன்றாவது, டிரைவர்கள். வைஃபை, சவுண்டு, டச்பேடு, கைரேகை சென்சார் ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் 10-க்கான டிரைவரை உங்கள் லேப்டாப் கம்பெனி கொடுத்திருக்கணும். புது மாடல்களில் பலவற்றுக்குக் கொடுப்பதில்லை. வைஃபை 7 வேகம் வேண்டுமென்றால், அதற்கான சப்போர்ட் விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. இன்டெல் 12-ம் தலைமுறையிலிருந்து வந்த பல சிப்களில் வேகமான கோர், சிக்கனமான கோர் என்று இரண்டு வகை உண்டு. எந்த வேலையை எதற்குக் கொடுப்பது என்று சிப்போடு பேசி முடிவெடுக்கும் நுணுக்கம் 11-ல்தான் முழுமையாக இருக்கிறது. ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் உள்ள லேப்டாப் என்றால் விண்டோஸ் 10-ஐ மறந்துவிடலாம். அது 11-க்காகவே செய்யப்பட்டது.

நான்காவது, லைசென்ஸ். லேப்டாப்போடு வந்தது விண்டோஸ் 11 ‘ப்ரோ’ என்றால், முந்தைய ப்ரோ பதிப்புக்குப் போகும் உரிமை லைசென்ஸிலேயே உண்டு. ‘ஹோம்’ என்றால் அந்த உரிமை கிடையாது. மாணவர்களும் வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவர்களும் பெரும்பாலும் எடுப்பது ஹோம் பதிப்புதான்.

அதையெல்லாம் தாண்டிவிட்டால்?

டெக்னிக்கலாகக் கெட்டிக்காரர்கள் இத்தனை தடைகளையும் தாண்டிவிடுவார்கள். ஆனால், போய்ச் சேரும் இடம் எப்படிப்பட்டது என்பதுதான் முக்கியமான கேள்வி.

விண்டோஸ் 10 நாளைக்கே நின்றுவிடாது. இன்னும் பல வருஷம் ஓடும். அதில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதுதான் நின்றுபோயிருக்கிறது. தனிநபர்களுக்காக ‘இ.எஸ்.யு’ என்ற கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தை 2026 அக்டோபர் 13 வரை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 30 டாலர் கட்டலாம், மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் பாயின்ட் 1,000 கொடுக்கலாம், அல்லது கம்ப்யூட்டரின் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் பேக்கப் செய்து இலவசமாகச் சேரலாம். எந்த வழியில் போனாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வேண்டும். அந்த அக்கவுன்ட் தொல்லை வேண்டாம் என்றுதானே பலர் 10-க்கே வந்தார்கள்! ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளில் மட்டும், நுகர்வோர் அமைப்புகள் அழுத்தம் கொடுத்ததால் அந்த பேக்கப் நிபந்தனை இல்லாமலே இலவசம்.

‘ஓட்டை இருந்தா என்ன ப்ரோ, என்கிட்ட திருட என்ன இருக்கு?’ என்று கேட்பவர்களுக்கு 2017 மே மாதம் ஒரு பதில் வைத்திருக்கிறது. வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் சுமார் 150 நாடுகளில் பரவி, கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த ஓட்டைக்கான பேட்ச்சை இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் விட்டிருந்தது. மாட்டியவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பேட்ச் போடாத விண்டோஸ் 7-காரர்கள். அந்த வைரஸ் ஆள் பார்த்து வரவில்லை. இணையத்தில் ஓட்டை இருந்த மெஷின் எதுவோ, அதற்குள் நுழைந்தது.

பாதுகாப்பைவிட மெதுவாக நடக்கும் இன்னொரு விஷயமும் உண்டு. ஒவ்வோர் ஆப்பாக வெளியேறும். விண்டோஸ் 7-க்கு குரோம் பிரவுசர் 109-ம் பதிப்போடு 2023-ல் நின்றது. 2024 ஜனவரி 1-ம் தேதி ஸ்டீம் நின்றது. விண்டோஸ் 10-க்கும் அந்த வரிசை ஒருநாள் வரும். இன்றைக்குப் புது லேப்டாப் வாங்கும் ஒருவர் அதை நாலைந்து வருஷமாவது வைத்திருப்பார். அந்த நாலைந்து வருஷமும் பேட்ச் இல்லாத ஓ.எஸ்ஸில் யு.பி.ஐ, நெட் பேங்கிங், காலேஜ் போர்ட்டல் லாகின் எல்லாம் நடக்கும் என்பதை யோசித்துப் பார்த்தால், பதில் தானாகவே தெரியும்.

இங்கே இன்னொரு ஆபத்தையும் சொல்லியாகணும். ‘லைசென்ஸ் எல்லாம் வேணாம் தம்பி, ஆக்டிவேட் பண்ணித் தரேன்’ என்று யாராவது பென் டிரைவை நீட்டினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ‘எல்.டி.எஸ்.சி’ என்று நிறுவனங்களுக்கான தனிப் பதிப்பு ஒன்று விண்டோஸ் 10-ல் உண்டு. அதற்கு இன்னும் சில வருஷ சப்போர்ட் இருப்பதால் பலர் அதைத் தேடுகிறார்கள். ஆனால், தனிநபர்களுக்கு அதை மைக்ரோசாஃப்ட் விற்பதில்லை. வெளியே இலவசமாகச் சுற்றும் ஆக்டிவேட்டர்களுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

யார் பக்கம் நியாயம்?

கம்பெனிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பத்து வருஷப் பழைய கோடுக்கு ஒவ்வொரு மாதமும் பேட்ச் எழுதுவது செலவு. டி.பி.எம் 2.0, செக்யூர் பூட் போன்ற பாதுகாப்புகளைக் கட்டாயமாக்கினால்தான் ஒட்டுமொத்த விண்டோஸ் உலகமும் பாதுகாப்பாகும் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. பழைய ஓட்டை உள்ள பதிப்புக்குத் திரும்ப விடாமல் தடுப்பதே ஒரு பாதுகாப்புதான். திருடன் போனைப் பழைய பதிப்புக்கு மாற்றிப் பூட்டை உடைக்க முடியாதல்லவா?

ஆனால், ‘பாதுகாப்பு’ என்ற பையில் வேறு சிலவும் சேர்ந்து வருகின்றன. பேட்ச் வேண்டும் என்றால் விளம்பரத்தையும் சேர்த்து வாங்கு. பாதுகாப்பு வேண்டும் என்றால் அக்கவுன்ட்டையும் ஏ.ஐ பட்டனையும் சேர்த்து வாங்கு. ரேஷன் கடையில் அரிசி வாங்கப் போனால் சோப்பையும் டீத்தூளையும் தலையில் கட்டுவது மாதிரியான கதை இது. மக்கள் திரும்பிப் போக நினைப்பது பெரும்பாலும் அரிசியால் இல்லை, கூட வரும் சோப்பால்தான். இந்த இரண்டையும் பிரித்துக் கொடுத்தாலே பாதிப் பேர் பழசைத் தேடமாட்டார்கள்.

பழைய கம்ப்யூட்டர்களின் பக்கம் இதன் விலை இன்னும் பெரியது. 11-க்குத் தகுதி இல்லாததால் சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்று 2023 இறுதியில் கேனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. நல்லா ஓடும் மெஷின்கள் அவை.

சட்டம் தலையிட முடியுமா? முடியும் என்று ஐரோப்பா காட்டியிருக்கிறது. அப்டேட்டால் பழைய போன்கள் திணறின, திரும்பிப் போகவும் வழி தரவில்லை என்று சொல்லி, 2018-ல் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. 2025 ஜூன் 20 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஸ்மார்ட்போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 வருஷம் ஓ.எஸ் அப்டேட் கிடைக்க வேண்டும் என்பது விதி.

நம் நாட்டில் 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘ரைட் டு ரிப்பேர்’ போர்ட்டலைத் தொடங்கியது. மொபைல், எலெக்ட்ரானிக்ஸ் பிரிவும் அதில் உண்டு. ஆனால், அது பெரும்பாலும் பேசுவது ஸ்பேர் பார்ட்ஸ், சர்வீஸ், வாரன்டி பற்றித்தான். ஸ்கிரீனையும் பேட்டரியையும் மாற்றும் உரிமை எவ்வளவு முக்கியமோ, உள்ளே ஓடும் சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவ்வளவு முக்கியம். அந்தப் பேச்சு இங்கே இன்னும் சூடு பிடிக்கவில்லை.

அப்போ என்னதான் பண்ணலாம்?

உங்களுக்கு எது பிடிக்கவில்லை என்பதைப் பொறுத்து வழி மாறும்.

தோற்றம்தான் பிரச்னை என்றால், ஓ.எஸ்ஸை மாற்றவே வேண்டாம். டாஸ்க்பார் செட்டிங்ஸில் ஸ்டார்ட் பட்டனை இடது பக்கம் கொண்டுவந்துவிடலாம். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரைட் க்ளிக் செய்தால் பழைய மெனு முழுசாக வரும். ஸ்டார்ட் செட்டிங்ஸிலும் பிரைவஸி செட்டிங்ஸிலும் பரிந்துரைகளையும் விளம்பர ஐடி-யையும் அணைத்துவிட்டால், பாதி எரிச்சல் அரை மணி நேரத்தில் போய்விடும்.

ஓர் அப்டேட்டுக்குப் பிறகுதான் பிரச்னை என்றால், நீங்கள் தேடுவது விண்டோஸ் 10 இல்லை, போன மாத விண்டோஸ் 11. விண்டோஸ் அப்டேட் ஹிஸ்டரியில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ உண்டு. பெரிய வருடாந்திர அப்டேட் என்றால், அதே ‘கோ பேக்’ பட்டன் 10 நாளுக்குள் பெரும்பாலும் கைகொடுக்கும்.

பழைய சாஃப்ட்வேர்தான் காரணம் என்றால், முழு லேப்டாப்பையும் பழசாக்காமல், ஒரு பழைய கம்ப்யூட்டரை அதற்குள்ளேயே குடிவையுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். அதில் உங்களிடம் லைசென்ஸ் உள்ள பழைய விண்டோஸைப் போட்டு, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, பேஜ்மேக்கரையோ பில்லிங் புரோகிராமையோ ஓட்டலாம். டாஸ் காலத்துப் புரோகிராம் என்றால் டாஸ்பாக்ஸில் முயன்று பார்க்கலாம். வேலையும் நடக்கும், ஓட்டை வழியாக யாரும் வரவும் மாட்டார்கள்.

அக்கவுன்ட், விளம்பரம், ஏ.ஐ எதுவுமே வேண்டாம் என்றால், பழைய விண்டோஸைவிட லினக்ஸ் நல்ல வழி. உபுண்டு, மின்ட் எல்லாம் இலவசம், அப்டேட்டும் தொடர்ந்து வரும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபை, சவுண்டு எல்லாம் வேலை செய்கிறதா என்று உறுதி செய்த பிறகு இன்ஸ்டால் பண்ணலாம். 2026 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்களில், விண்டோஸ் 11-ஓடு சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருக்கிறது. அது கையில் இருப்பவர்கள் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். ஆனால், உங்கள் கோர்ஸுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் லினக்ஸில் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

இல்லை, விண்டோஸ் 10 கட்டாயம் வேண்டும் என்றால், வரிசையாகச் செய்யுங்கள். உங்கள் மாடலின் சப்போர்ட் பக்கத்தில் விண்டோஸ் 10 டிரைவர்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இருந்தால், லைசென்ஸ் ப்ரோவா என்று பாருங்கள். ரெக்கவரி கீயை எழுதி வையுங்கள். கம்பெனி கொடுக்கும் ரெக்கவரி பென் டிரைவை உருவாக்கி, முழு டிஸ்க்கையும் வெளி டிரைவில் இமேஜ் எடுத்து வைத்த பிறகே ஃபார்மேட்டில் கை வையுங்கள். போட்டதும் இ.எஸ்.யு-வில் சேர்ந்துவிடுங்கள்.

இன்னும் லேப்டாப் வாங்காதவர்களுக்கு வேலை சுலபம். ரேம் எவ்வளவு, பிராசஸர் என்ன என்று கேட்பதோடு மூன்று கேள்வி சேர்த்துக் கேளுங்கள். ஹோமா, ப்ரோவா? இந்த மாடலுக்கு வேறு ஓ.எஸ் டிரைவர்கள் உண்டா? ரிட்டர்ன் பண்ண எத்தனை நாள்? உங்களுக்கு வேண்டிய சாஃப்ட்வேரையும் பிரின்டரையும் அந்த ரிட்டர்ன் நாள்களுக்குள் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். இன்றைய நிலையில், வாங்கியவருக்கு நிஜமான அதிகாரம் இருப்பது அந்தச் சில நாள்களில்தான்.

எக்ஸ்.பி-க்காக 2 லட்சம் பேர் கையெழுத்துப் போட்ட காலத்தில், பிடிக்காததைப் போடாமல் இருப்பதே மக்கள் காட்டிய எதிர்ப்பாக இருந்தது. விஸ்டாவைச் சரிசெய்து 7-ஐயும், 8-ஐச் சரிசெய்து 10-ஐயும் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்ததற்கு அந்த எதிர்ப்பும் ஒரு காரணம். போடாமல் இருக்கும் வழியே இல்லாமல் போனால், சரிசெய்ய வேண்டிய கட்டாயமும் கம்பெனிகளுக்குக் குறைந்துவிடும். அதனால், விண்டோஸ் 10-க்குத் திரும்பிப் போக வேண்டாம் என்று சொல்லலாம். திரும்பிப் போக நினைப்பவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அவர்கள் கேட்கும் உரிமை, அடுத்த போனோ லேப்டாப்போ வாங்கும்போது நமக்கும் தேவைப்படும்.